கிருஷ்ணகிரி உருமாற்ற மாறுநிலை வலயம்

கிருஷ்ணகிரி உருமாற்ற மாறுநிலை வலயம் என்பது தமிழ்நாட்டின் வடமேற்குப் பகுதியில், ஓசூருக்கும் சேலத்துக்கும் இடையே, மிகப் பழைய கண்டப் புவியோட்டின் நடுமட்டப் பாறைகள் படிப்படியாக ஆழ்மட்டப் பாறைகளாக மாறுவதைத் தரையின் மேலேயே காணக்கூடிய நிலப்பகுதி ஆகும். இப்பாறைகள் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன்னர், ஆர்க்கியன் பேரூழியின் இறுதியில், கடும் வெப்பத்துக்கும் அழுத்தத்துக்கும் உட்பட்டு உருமாறியவை. அப்பொழுது தரைக்குக் கீழே 15 முதல் 30 கி.மீ. ஆழத்தில் இருந்தவை இன்று வயல்வெளிகளிலும் ஆற்றுப்படுகைகளிலும் கல் உடைக்கும் இடங்களிலும் வெளித்தெரிகின்றன. ஆழ்துளையிட்டு எட்ட முடியாத ஆழம் ஒன்று இங்கு பக்கவாட்டில் விரிந்து கிடப்பதால், கண்டங்களின் அடிப்பகுதி எவ்வாறு உருவானது என்பதை அறிய விரும்பும் புவியியலாளர்கள் 1980களிலிருந்து இப்பகுதிக்குத் தொடர்ந்து வருகின்றனர்.

அமைவிடம்

இவ்வலயத்தின் வட எல்லைக்குச் சற்று வடக்கே, கர்நாடக எல்லையை ஒட்டி, ஓசூருக்கு அருகில் கெலவரப்பள்ளி நீர்த்தேக்கம் அமைந்துள்ளது. கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் தோன்றும் தென்பெண்ணை ஆறு தமிழகத்துள் நுழைந்ததும் முதலில் தேக்கப்படுவது இங்கேதான். செய்திகளில் பெரும்பாலும் ஆற்றில் பொங்கும் நுரைக்காகவே இடம்பெறும் இவ்வூர், புவியியல் நோக்கில் ஒரு நல்ல தொடக்கப்புள்ளி. இங்கிருந்து ஆறு தென்கிழக்காக ஓடி, கிருஷ்ணகிரி அணை, காவேரிப்பட்டணம் வழியாகச் சாத்தனூர் அணையை அடைகிறது. ஆற்றுடன் கீழே செல்பவர், சாம்பல் நிற நைசுப் பாறைகளில் தொடங்கி, கரும்பச்சை நிறச் சார்னோக்கைட்டுப் பாறைகளில் சென்று சேர்கிறார். சாலை வழியே செல்பவருக்கும் இதே மாற்றம் தென்படும். பெங்களூர், ஓசூர், சூளகிரி, கிருஷ்ணகிரி, தருமபுரி, தொப்பூர், சேலம் என்று செல்லும் தேசிய நெடுஞ்சாலை 44 (முன்னர் 7) பாறைகளின் போக்கை ஒட்டி வடக்கிலிருந்து தெற்காகச் செல்வதால், ஆய்வாளர்கள் மாதிரிகள் திரட்ட இச்சாலையையும் அதன் கிளைச்சாலைகளையுமே பெரிதும் பயன்படுத்தினர்.

இங்கு ஒரு பொதுவான பிழையைச் சுட்டுவது நலம். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலும், கிருஷ்ணகிரி ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்திலும் உள்ளன. மேட்டு நிலத்திலிருந்து இறங்குவதால்தான் ஆழமான பாறைகள் வெளிப்படுகின்றன என்று சிலர் கருதுவதுண்டு. 400 மீட்டர் இறக்கம் இதற்குப் போதாது. பாறைகள் உருவான ஆழங்களுக்கிடையேயான வேறுபாடு பல கிலோமீட்டர் ஆகும். சேர்வராயன் மலையின் உச்சியில் உள்ள பாறை, ஓசூர் சமவெளியில் உள்ள பாறையைவிட உயரத்தில் இருந்தாலும், அதைவிட மிக ஆழத்தில் உருவானது.

கண்டப் புவியோடு

பூமியின் புவியோடு இரு வகைப்படும். பெருங்கடல்களின் அடியில் உள்ள ஓடு ஏறத்தாழ 7 கி.மீ. தடிப்பு உடையது. அடர்த்தி மிகுந்த அது தொடர்ந்து உருவாகித் தொடர்ந்து மூடகத்துள் அமிழ்கிறது. ஆகவே 20 கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட கடலடி ஓடு மிக அரிது. கண்டப் புவியோடு 30 முதல் 50 கி.மீ. வரை தடிப்பு உடையது, இலேசானது, அமிழாமல் மிதந்து நிற்பது. எனவே பூமியின் பழைய வரலாற்றைத் தேட வேண்டிய இடம் கண்டமே ஆகும்.

கண்டங்களின் நடுவே, நெடுங்காலமாகப் பெரிய மாற்றத்துக்கு உட்படாமல் உறுதியாக நிற்கும் பகுதிகள் கிராட்டான்கள் எனப்படுகின்றன. தென்னிந்தியாவில் கர்நாடகம், ஆந்திரம், வட தமிழகம் ஆகியவற்றின் பெரும்பகுதியில் பரந்துள்ளது தார்வார் கிராட்டான். இதன் மேற்குப் பகுதியில் 300 கோடி ஆண்டுகளைத் தாண்டிய பாறைகள் மிகுதி. கிழக்குப் பகுதியிலோ பெரும்பாலான பாறைகள் 270 முதல் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் உருவானவை. ஓசூரும் கிருஷ்ணகிரியும் கிழக்குப் பகுதியின் தென் ஓரத்தில் அமைகின்றன. பெங்களூர் லால்பாக் பூங்காவில் தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டுள்ள பாறைக்குன்று இதே கிராட்டானைச் சேர்ந்த தீபகற்ப நைசு ஆகும். ஓசூர் மாணவர்கள் ஒரு நாள் சுற்றுலாவில் எளிதாகப் பார்த்து வரலாம்.

பாறைகள்

கெலவரப்பள்ளி, ஓசூர், சூளகிரி வட்டாரங்களில் காணப்படுவது பெரும்பாலும் நைசு. வெண்மையும் கருமையும் மாறி மாறி வரும் பட்டைகளே இதன் அடையாளம். வெண்பட்டைகளில் குவார்ட்சும் ஃபெல்சுபாரும், கரும்பட்டைகளில் பயோட்டைட்டு என்னும் கருமைக்காவும் ஹார்ன்பிளெண்டும் உள்ளன. இடையிடையே இளஞ்சிவப்புக் கிரானைட்டு நரம்புகளும் ஊடுருவியுள்ளன. பாறை பாதி உருகி, உருகிய பகுதியும் உருகாத பகுதியும் பிசைந்த மாவுபோல் சுருண்டு உறைந்த கலப்புப் பாறைகளும் ஏராளம். வீடுகளின் சமையல் மேடையில் பதிக்கப்படும் 'பாரடைசோ' என்னும் வணிகப் பெயருடைய கல் கிருஷ்ணகிரிப் பகுதியில் வெட்டி எடுக்கப்படுவதாகும். அதன் ஊதா, இளஞ்சிவப்பு, கருப்புச் சுழிகள் இத்தகைய பகுதி உருகலின் நேரடிச் சான்று. கடைக்காரர் கிரானைட்டு என்று விற்றாலும், புவியியலாளர் அதனைக் கலப்பு நைசு என்றே அழைப்பார்.

கிருஷ்ணகிரியைத் தாண்டித் தெற்கே செல்லச் செல்ல, சாம்பல் நைசின் நடுவே கரும்பச்சைத் திட்டுகள் தோன்றத் தொடங்குகின்றன. முதலில் கையளவு, பிறகு ஆளுயர அளவு, பிறகு பாறை முழுவதும். தருமபுரிக்குத் தெற்கே, தொப்பூர்க் கணவாயிலும் சேர்வராயன் மலையிலும் சார்னோக்கைட்டே முதன்மைப் பாறை ஆகிவிடுகிறது. புதிதாக உடைத்த சார்னோக்கைட்டு எண்ணெய் தடவியதுபோல் மினுங்கும். அதன் ஃபெல்சுபார் பச்சை சாயலும் குவார்ட்சு நீலச் சாயலும் கொண்டிருக்கும். இதனைச் சார்னோக்கைட்டு என்று உறுதி செய்வது ஆர்த்தோபைராக்சீன் என்னும் கனிமம். நைசில் இது இல்லை.

சார்னோக்கைட்டு என்னும் பெயர்

கொல்கத்தா நகரின் தொடக்க வரலாற்றுடன் தொடர்புடைய கிழக்கிந்தியக் கம்பனி முகவர் ஜாப் சார்னாக்கின் கல்லறை, அந்நகரின் புனித ஜான் தேவாலய வளாகத்தில் உள்ளது. இந்தியப் புவியியல் ஆய்வகத்தைச் சேர்ந்த தாமஸ் ஹாலந்து அக்கல்லறைக் கல்லை ஆராய்ந்து, 1893 இல் அதற்குச் சார்னோக்கைட்டு என்று பெயரிட்டார். கல் வங்காளத்தைச் சேர்ந்ததல்ல. சென்னையை அடுத்த பரங்கிமலைப் பகுதியில் கிடைக்கும் பாறை வகையே அது. ஆகவே உலகெங்கும் வழங்கும் ஒரு பாறைப் பெயர், தமிழகத்துக் கல்லுக்கு வங்காளத்தில் புதைக்கப்பட்ட ஆங்கிலேயரின் பெயரால் இடப்பட்டது. பரங்கிமலைச் சார்னோக்கைட்டும் தேசியப் புவியியல் நினைவுச் சின்னங்களுள் ஒன்று.

ஹாலந்து இதனைத் தீப்பாறையாகவே கருதினார். பின்னர் வந்தவர்களுள் பலர், இது வேறு பாறையிலிருந்து உருமாறியது என்றனர். இரண்டும் நிகழக்கூடும் என்பது இன்றைய நிலைப்பாடு. 1936 இல் எல். எல். ஃபெர்மார், தீபகற்ப இந்தியாவைச் சார்னோக்கைட்டு உள்ள பகுதி, இல்லாத பகுதி என்று ஒரு கோட்டால் பிரித்தார். இது ஃபெர்மார் கோடு எனப்படுகிறது. கெலவரப்பள்ளி இக்கோட்டுக்கு வடக்கே, சார்னோக்கைட்டு இல்லாத பக்கத்தில் உள்ளது.

உருமாற்றம் நிகழும் முறை

பாறை உருகிவிடாமல், திண்ம நிலையிலேயே அதன் கனிமங்கள் மாறுவது உருமாற்றம் எனப்படும். ஆழத்தில் வெப்பமும் அழுத்தமும் உயரும்போது, பழைய கனிமங்கள் நிலைத்திருக்க முடியாமல் ஒன்றோடொன்று வினைபுரிந்து புதிய கனிமங்களைத் தருகின்றன. எனவே ஒரு பாறையில் எந்தெந்தக் கனிமங்கள் சேர்ந்திருக்கின்றன என்பதைக் கொண்டு, அது எத்தகைய சூழலில் இருந்தது என்று கூறலாம். நைசு குறிப்பது ஆம்ஃபிபோலைட்டு நிலை எனப்படும் நடுத்தர உயர் நிலை. சார்னோக்கைட்டு குறிப்பது அதற்கும் மேற்பட்ட கிரானுலைட்டு நிலை.

இவ்விரண்டுக்கும் இடையே நிகழும் முக்கிய வினை பின்வருமாறு: பயோட்டைட்டும் குவார்ட்சும் சேர்ந்து ஆர்த்தோபைராக்சீனும் பொட்டாசியம் ஃபெல்சுபாரும் ஆகின்றன, நீர் வெளியேறுகிறது. ஹார்ன்பிளெண்டும் இதுபோன்றே தன் நீரை இழக்கிறது. பயோட்டைட்டு ஈரமான கனிமம். அதன் படிகக் கட்டமைப்பிலேயே நீரின் கூறு உள்ளது. ஆர்த்தோபைராக்சீனில் அது இல்லை. ஆக, நைசு சார்னோக்கைட்டாவது என்பது பெருமளவில் பாறை உலர்வதே ஆகும். வேதியியல் உள்ளடக்கத்தில் பெரிய மாற்றம் எதுவும் இல்லாமலேகூட இது நிகழலாம்.

வரைபடத்தில் ஆர்த்தோபைராக்சீன் முதன்முதலில் தோன்றும் இடங்களை இணைத்தால் ஒரு கோடு கிடைக்கும். அது சம உருமாற்றக் கோடு எனப்படுகிறது. ஆயினும் நிலத்தில் அது கோடாக இல்லை. பல கிலோமீட்டர் அகலமுள்ள பட்டையாகவே உள்ளது. மாறுநிலை வலயம் என்ற பெயர் இதனால் ஏற்பட்டது.

நீர் எங்கே சென்றது?

இப்பகுதி குறித்த நீண்ட விவாதம் இக்கேள்வியில்தான் அடங்கியுள்ளது. ஓசூருக்கு மேற்கே, கர்நாடகத்தின் கனகபுரா வட்டத்தில் உள்ள கப்பல்துர்கா குன்றின் கல்வெட்டுமிடத்தில், சாம்பல் நைசைக் குறுக்காக வெட்டிக்கொண்டு கரும்பச்சைச் சார்னோக்கைட்டு நரம்புகளும் திட்டுகளும் செல்கின்றன. நைசின் பட்டைகள் சார்னோக்கைட்டுக்குள் மங்கித் தொடர்வதையும் பார்க்கலாம். அதாவது சார்னோக்கைட்டு வெளியிலிருந்து உட்புகுந்த பாறை அன்று; நைசே அந்த இடத்தில் மாறிக்கொண்டிருந்து, மாற்றம் பாதியில் நின்றுவிட்டது. சி. எஸ். பிச்சமுத்து 1960 இல் நேச்சர் இதழில் இதனை விவரித்து, உருவாகிக்கொண்டிருக்கும் சார்னோக்கைட்டு என்ற பொருளில் தலைப்பிட்டார். இந்தியப் புவியியலில் இவ்வளவு சிறிய கட்டுரை இவ்வளவு பெரிய விளைவை ஏற்படுத்தியது அரிது.

மாற்றம் விரிசல்களை ஒட்டியே நடந்திருப்பதால், ஏதோ ஒரு பாய்மம் அவற்றின் வழியே ஏறி வந்திருக்க வேண்டும் என்று தோன்றியது. நீராக இருந்தால் பாறை உலராது. ராபர்ட் நியூட்டன், ஏ. எஸ். ஜனார்த்தன், எட்வர்ட் ஹான்சன் முதலியோர் 1980களின் தொடக்கத்தில் அப்பாய்மம் கார்பன் டை ஆக்சைடு என்ற கருத்தை முன்வைத்தனர். கார்பன் டை ஆக்சைடு மிகுந்தால் நீரின் செறிவு குறையும். பயோட்டைட்டு நீரை விட்டுவிடும். பாறைகளின் குவார்ட்சுப் படிகங்களுக்குள் நுண்ணிய குமிழிகளாக அடர்ந்த கார்பன் டை ஆக்சைடு அகப்பட்டிருப்பது இதற்குச் சான்றாகக் காட்டப்பட்டது. நார்வே நாட்டுக் கிரானுலைட்டுகளிலும் இத்தகைய குமிழிகள் 1970களின் தொடக்கத்திலேயே அறியப்பட்டிருந்தன.

மறுதரப்பினர் வேறொரு வழியைக் கூறினர். இத்தகைய வெப்பத்தில் பாறை பகுதியளவு உருகும். உருகிய குழம்பு நீரைக் கரைத்துக்கொண்டு மேலேறிவிட்டால், எஞ்சியது தானாகவே உலர்ந்துவிடும். முழு புவியோட்டையும் உலர்த்தப் போதிய கார்பன் டை ஆக்சைடு எங்கிருந்து வரும் என்பதும் அவர்கள் எழுப்பிய வினா. கப்பல்துர்கா போன்ற இடங்களில் விரிசல் வழிப் பாய்மத்துக்குத் தெளிவான பங்கு உண்டு. ஆனால் சேர்வராயன் போன்ற பெரும் சார்னோக்கைட்டு மலைகளில் பல பாறைகள் தொடக்கத்திலேயே நீர் குறைந்த கற்குழம்பாக இருந்திருக்கலாம். ஒரே விளக்கத்தை எல்லா இடங்களுக்கும் பொருத்த முயன்றதே விவாதம் நீண்டதற்கு ஒரு காரணம் எனலாம்.

கிருஷ்ணகிரி, தருமபுரிப் பகுதியின் வேதியியல் தரவுகள் இதில் முக்கியமானவை. கென்ட் காண்டியும் உடனாய்வாளர்களும் 1982 இல் வெளியிட்ட ஆய்வும், ஹான்சன் குழுவினர் 1995 இல் கிருஷ்ணகிரி – சேலம் வழித்தடத்தைப் பற்றி வெளியிட்ட ஆய்வும், தெற்கேயுள்ள பெரும் சார்னோக்கைட்டுகளில் ருபீடியம் வெகுவாகக் குறைந்திருப்பதைக் காட்டின. மாறுநிலை வலயத்துக்குள் உள்ள சார்னோக்கைட்டுகளில் இக்குறைவு அவ்வாறு இல்லை. எனவே உலர்வதும், தனிமங்களை இழப்பதும் ஒரே நிகழ்ச்சி அல்ல.

தனிமங்களை இழப்பது வெறும் கணக்கு விவரம் அன்று. உலகெங்கும் கிரானுலைட்டு நிலையை அடைந்த ஆழ் ஓடுகளில் யுரேனியம், தோரியம் போன்ற கதிரியக்கத் தனிமங்களும் குறைந்து காணப்படுகின்றன. இவை மேல் ஓட்டுக்குச் சென்றுவிட்டால், ஆழ் ஓட்டில் வெப்பம் உண்டாவது குறையும். குளிர்ந்து உலர்ந்த பாறை மிக வலிமையானது. கிராட்டான்கள் நூறு கோடி ஆண்டுகளுக்கு மேல் அசையாமல் நிற்பதற்கு இது ஒரு முதன்மைக் காரணமாகக் கருதப்படுகிறது.

வெப்பத்தையும் அழுத்தத்தையும் அளவிடுதல்

கனிமங்கள் இயற்கையான வெப்பமானிகள். கார்னெட்டும் பயோட்டைட்டும் அருகருகே இருந்தால், அவை இரும்பையும் மக்னீசியத்தையும் தமக்குள் பகிர்ந்துகொள்ளும் விகிதம் வெப்பநிலையைப் பொறுத்து மாறும். கார்னெட்டு, ஃபெல்சுபார், ஆர்த்தோபைராக்சீன், குவார்ட்சு ஆகிய நான்கும் சேர்ந்திருந்தால், கால்சியம் எதில் எவ்வளவு உள்ளது என்பது அழுத்தத்தைக் காட்டும். மின்னணுக் கற்றையால் தலைமுடிப் பருமனிலும் சிறிய புள்ளியின் வேதியியல் கூறுகளை அளக்கும் கருவி பரவலாகிய பின்னரே இம்முறை நடைமுறைக்கு வந்தது.

மாறுநிலை வலயத்தில் கிடைத்த மதிப்புகள் ஏறத்தாழ 700 முதல் 750 பாகை செல்சியசு, 5 முதல் 6 கிலோபார். தெற்கே சேர்வராயன் மலைப் பக்கம் அழுத்தம் 7 முதல் 8 கிலோபார் வரை உயர்கிறது. கண்டப் பாறையில் ஒரு கிலோபார் என்பது ஏறத்தாழ மூன்றரை கி.மீ. ஆழத்துக்குச் சமம். எனவே வலயத்தின் பாறைகள் 18 முதல் 20 கி.மீ. ஆழத்திலும், சேர்வராயன் பாறைகள் 25 முதல் 28 கி.மீ. ஆழத்திலும் இருந்தவை.

இதிலிருந்து ஓர் எளிய கணக்குப் போடலாம். ஓசூரிலிருந்து சேலம் நேர்கோட்டில் ஏறத்தாழ 125 கி.மீ. இத்தூரத்தில் ஆழ வேறுபாடு 10 கி.மீ. என்று கொண்டால், பழைய கிடைமட்டம் ஒன்று 5 பாகைக்கும் சற்றுக் குறைவாகச் சாய்ந்திருக்கிறது. வடக்கு தாழ்ந்து தெற்கு உயர்ந்த இச்சாய்வை அரிப்பு மழுங்கச் சீவிவிட்டதால், தெற்கே செல்பவர் புவியோட்டின் அடி நோக்கிச் செல்கிறார். ஒரு மேசையின் ஒரு காலுக்கடியில் சிறு மரத்துண்டு வைத்த அளவு சாய்வுதான்; ஆயினும் 125 கி.மீ. தூரத்தில் அது பத்து கி.மீ. ஆழம் ஆகிறது. இது முதல்நிலைக் கணக்கு மட்டுமே. உண்மையில் சாய்வு ஒரே சீராக இராமல், இடையேயுள்ள பெயர்ச்சிகளில் துண்டு துண்டாகவும் உயர்ந்திருக்கும். மேலும், நைசின் பட்டைகள் பல இடங்களில் செங்குத்தாக நிற்கின்றன. சாய்ந்தது பழைய அழுத்தச் சமதளமே. பாறையின் பட்டை அன்று.

கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்தில் கபுஸ்கேசிங் என்னுமிடத்திலும் ஆர்க்கியன் புவியோட்டின் வெட்டுமுகம் ஒன்று வெளிப்பட்டுள்ளது. அங்கு ஓடு ஒரு பெரும் பிளவு வழியே மேலே தள்ளப்பட்டது. மேலிருந்து ஆழம் வரை இடையறாத படிமுறையைக் காண்பதில் தென்னிந்திய வெட்டுமுகம் சிறந்தது என்பது இக்கட்டுரையாளரின் துணிபு.

இன்னொரு புதிரும் உண்டு. இன்று இப்பகுதியில் புவியோடு 35 கி.மீ. அளவில் தடித்திருக்கிறது. மேலிருந்து 20 முதல் 25 கி.மீ. அரித்துச் செல்லப்பட்ட பின்னும் இவ்வளவு எஞ்சியிருக்கிறது என்றால், ஆர்க்கியன் முடிவில் ஓடு இமயமலைக்கு அடியில் இன்றுள்ளதைப் போல் தடித்திருந்ததா, அல்லது பின்னர் கற்குழம்பு அடியில் சேர்ந்து ஓட்டை நிரப்பியதா? இரண்டுக்கும் ஆதரவான கருத்துகள் உள்ளன. மேலும் 20 கி.மீ. ஆழத்தில் 750 பாகை என்பது மிகையான வெப்பம். ஒரு கி.மீ.க்கு 35 பாகைக்கு மேல் ஆகிறது. மூடகத்திலிருந்து வந்த கற்குழம்பு வெப்பத்தைக் கொண்டுவந்திருக்க வேண்டும்.

காலம்

சிர்க்கான் என்னும் சிறு படிகம் உருவாகும்போது யுரேனியத்தை ஏற்கும், ஈயத்தை ஏற்காது. பின்னாளில் அதனுள் காணப்படும் ஈயம் யுரேனியம் சிதைந்து வந்தது. யுரேனியம்-238 இன் அரை ஆயுள் 447 கோடி ஆண்டுகள்; யுரேனியம்-235 இன் அரை ஆயுள் ஏறத்தாழ 70 கோடி ஆண்டுகள். ஒரே படிகத்தில் இரு கடிகாரங்கள் ஓடுவதால் ஒன்றைக் கொண்டு மற்றதைச் சரிபார்க்கலாம். கிரானுலைட்டு நிலை வெப்பத்திலும் சிர்க்கான் அழிவதில்லை. பழைய கருவின்மேல் புதிய ஓரம் வளர்கிறது. கரு பாறை பிறந்த காலத்தையும், ஓரம் அது உருமாறிய காலத்தையும் தருகின்றன.

ஜே. ஜே. பியூக்கா முதலிய பிரெஞ்சு ஆய்வாளர்கள் 1989 இல் கிருஷ்ணகிரிப் பகுதிக்கு வெளியிட்ட முடிவுகள் வியப்பளிப்பவை. பாறைகளின் மூலக் கற்குழம்பு உறைந்தது ஏறத்தாழ 255 முதல் 253 கோடி ஆண்டுகளுக்கு முன். அவை கிரானுலைட்டு நிலைக்கு உருமாறியது ஏறத்தாழ 251 கோடி ஆண்டுகளுக்கு முன். பிறப்புக்கும் உருமாற்றத்துக்கும் இடையே சில கோடி ஆண்டுகளே உள்ளன. அதாவது மிகப் பழைய கண்டம் ஒன்று பின்னொரு காலத்தில் சூடேற்றப்படவில்லை. கண்டம் உருவான அதே பெருநிகழ்ச்சியின் தொடர்ச்சியாகவே அது வெந்து உலர்ந்தது. இராமநகரத்தைச் சுற்றியுள்ள குளோசுபேட்டை கிரானைட்டும் இதே காலத்தைச் சேர்ந்தது. ஆழத்தில் உலர்தலும், மேலே கிரானைட்டு ஏறுதலும் ஒரே நாணயத்தின் இரு பக்கங்களாக இருக்கக்கூடும்.

நிலத்தட்டு இயக்கம்

இன்று கண்டங்கள் நகர்வதும் மோதுவதும் நிலத்தட்டு இயக்கத்தால் விளக்கப்படுகின்றன. 250 கோடி ஆண்டுகளுக்கு முன்னரும் அவ்வாறே நிகழ்ந்ததா என்பது உறுதிப்படாத வினா. அக்காலத்தில் மூடகம் இன்றைவிட நூறு முதல் இருநூறு பாகை வரை சூடாக இருந்தது. சூடான, மென்மையான ஓடு இன்றைய தட்டுகளைப்போல் விறைப்பாக நடந்துகொள்ளாமல் இருந்திருக்கலாம்.

இதற்கும் சான்று இவ்வட்டாரத்திலேயே உள்ளது. ஓசூருக்குக் கிழக்கே உள்ள கோலார்ப் பசும்பாறைப் பட்டை, தங்கத்துக்காக அறியப்பட்டது. அதன் சுரங்கங்கள் 2001 இல் மூடப்பட்டன. பட்டையின் தென் தொடர்ச்சி கிருஷ்ணகிரி மாவட்டத்தின் வேப்பனப்பள்ளி, மகாராஜகடைப் பக்கம் நீள்கிறது. இப்பட்டையின் மேற்கிலும் கிழக்கிலும் உள்ள நைசுகள் ஒன்றையொன்று ஒத்தவை அல்ல. மேற்கில் உள்ளவை 300 கோடி ஆண்டுகளைத் தாண்டிய பழைய ஓட்டின் கலப்பைக் காட்டுகின்றன. கிழக்கில் உள்ளவை 253 கோடி ஆண்டுகள் அளவில், பழைய கலப்பு இன்றி உருவானவை. தொடர்பற்ற இரு துண்டுகள் இங்கு வந்து ஒட்டின, கோலார்ப் பட்டை அவற்றுக்கிடையேயான தையல் என்று குரோக்ஸ்டாடு, பாலகிருஷ்ணன், இராஜாமணி, ஹான்சன் முதலியோர் 1989 இல் சயன்சு இதழில் வாதிட்டனர். (இவர் கில்பர்ட் ஹான்சன், முன்னர்க் குறிப்பிட்ட எட்வர்ட் ஹான்சன் வேறு.) ஆர்க்கியன் காலத்திலேயே நிலத்தட்டு இயக்கம் இருந்ததற்கு ஆதரவாக இவ்வாய்வு பரவலாக மேற்கோள் காட்டப்படுகிறது.

டொமினிக் சார்டன், எம். ஜெயானந்தா முதலியோர் 2008 இல் வேறொரு படத்தை வரைந்தனர். தார்வார் கிராட்டான் முழுவதும் குறுக்கும் நெடுக்குமாகச் சறுக்குப் பெயர்ச்சி வலயங்கள் பின்னிக் கிடக்கின்றன. இவற்றில் பாறை உடையாமல், சூட்டில் இளகி, பக்கவாட்டில் இழுபட்டு நகர்ந்திருக்கிறது. ஓர் எல்லையில் இரு விறைத்த துண்டுகள் மோதியதைவிட, ஓடு முழுவதும் கிழக்கு மேற்காக நெருக்குண்டு, வடக்கு தெற்காக மெல்ல வழிந்தோடியதையே இது காட்டுகிறது என்பது அவர்கள் முடிவு. தோசைக்கல்லில் ஒட்டிய இரு துண்டுகளா, பரவிய மாவா என்று கேட்பது போன்றது இது. நைசின் செங்குத்தான பட்டைகள் வடக்கு தெற்காக நீள்வது இரு கருத்துக்கும் இடம் தருகிறது.

தென் எல்லை இதனினும் தெளிவானது. பாலக்காடு – காவிரிச் சறுக்குப் பெயர்ச்சி வலயத்துக்குத் தெற்கே, மதுரைப் பக்கம் உள்ள கிரானுலைட்டுகள் ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன், கோண்டுவானாப் பெருங்கண்டம் ஒன்றுகூடியபோது மீண்டும் உருமாறியவை. கிருஷ்ணகிரிப் பாறைகளை அந்நிகழ்ச்சி பெரிதாகத் தீண்டவில்லை. ஆகவே தமிழகத்தின் சார்னோக்கைட்டுகள் அனைத்தும் ஒரே வயதுடையவை என்று கருதுவது தவறாகும்.

பிற்கால நிகழ்வுகள்

கிருஷ்ணகிரி, ஓசூர் வட்டாரங்களில் 'கருப்பு கிரானைட்டு' என்று வெட்டப்படும் கல் உண்மையில் டோலரைட்டு. இது நீண்ட சுவர்போல் நைசைப் பிளந்து நிற்கும். தார்வார் கிராட்டானில் கிழக்கு மேற்காக ஓடும் இத்தகைய சுவர்ப் பாறைகளின் பெருந்தொகுதி ஏறத்தாழ 237 கோடி ஆண்டுகள் பழமையானது. இவை மடியாமல் நேராக நிற்பது கவனிக்கத்தக்கது. 251 கோடி ஆண்டுகளுக்கு முன் மாவுபோல் வழிந்த ஓடு, 237 கோடி ஆண்டுகளுக்கு முன் கண்ணாடிபோல் விரிசல் விடும் அளவுக்குக் குளிர்ந்து விறைத்துவிட்டது. கண்டம் கிராட்டான் ஆனது இவ்விடைவெளியில்தான்.

விறைத்த ஓட்டிலும் பழைய வடுக்கள் மீண்டும் திறந்துள்ளன. ஒகேனக்கல்லில் ஏறத்தாழ 240 கோடி ஆண்டுகள் பழமையான கார்பனடைட்டு என்னும் சுண்ணகத் தீப்பாறை உள்ளது. சாமல்பட்டி, சேவத்தூர், ஏலகிரிப் பகுதிகளில் இதுபோன்ற பாறைகள் ஏறத்தாழ 75 முதல் 80 கோடி ஆண்டுகளுக்கு முன், வடகிழக்கு தென்மேற்காக ஓடும் ஆழ் பிளவுகளின் வழியே ஏறின.

நிலத்தடி நீருடன் தொடர்பு

உருமாறிய கடினப் பாறைக்குள் மணற்கல்லில் உள்ளதுபோல் நுண்துளைகள் இல்லை. நீர் நிற்பது மேலேயுள்ள சிதைந்த பருக்கையிலும், விரிசல்களிலும் மட்டுமே. ஓசூரில் ஓர் ஆழ்துளைக் கிணறு நீர் தருவதும், பத்தடி தள்ளி இட்ட மற்றொன்று வெறும் தூளாகப் போவதும் இதனால்தான்.

பாறையின் உருமாற்றம் நீரின் தன்மையையும் பாதிக்கிறது. பயோட்டைட்டிலும் ஹார்ன்பிளெண்டிலும் நீரின் கூறு இருக்க வேண்டிய இடத்தில் ஃபுளோரின் அமரக்கூடும். ஃபுளோரின் மிகுந்த பயோட்டைட்டு, நீர் மிகுந்த பயோட்டைட்டைவிடக் கூடுதல் வெப்பத்தையும் தாங்கும். எனவே கடும் உருமாற்றத்தைக் கடந்து எஞ்சிய பயோட்டைட்டில் ஃபுளோரின் செறிந்திருப்பது இயல்பு. இக்கனிமங்களும் அபடைட்டும் சிதையும்போது அது கிணற்று நீருக்கு வருகிறது. குடிநீரில் ஃபுளோரைடுக்கு உலகச் சுகாதார அமைப்பு பரிந்துரைக்கும் மேல்வரம்பு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பல ஊர்களில் நிலத்தடி நீர் இவ்வரம்பைத் தாண்டியதால், பிள்ளைகளின் பற்களில் பழுப்புக் கறையும், முதியோரிடம் மூட்டு விறைப்பும் நெடுங்காலமாகக் காணப்பட்டன. காவிரி நீரை இரு மாவட்டங்களுக்கும் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013 இல் தொடங்கி வைக்கப்பட்டது. திட்டத்தின் அலுவல்முறைப் பெயரிலேயே ஃபுளோரைடு பாதிப்பைக் குறைத்தல் என்பதும் இடம்பெறுகிறது.

களப் பார்வை

வலயத்தைக் காண விரும்பும் மாணவர்கள் கிருஷ்ணகிரிக்கும் தருமபுரிக்கும் இடையேயுள்ள கைவிடப்பட்ட கல்வெட்டுமிடங்களைப் பார்ப்பது சிறந்தது. வெயிலில் பட்ட பாறைப் பரப்பில் நைசும் சார்னோக்கைட்டும் ஒரே பழுப்பாகத் தெரியும். புதிதாக உடைந்த முகத்தில் மட்டுமே பச்சை நிறம் புலப்படும். இதனால் கல் வெட்டுவோரின் வேலை புவியியலாளருக்கு உதவுகிறது. அதே வேலை, மாதிரி எடுத்த பாறையையே அடுத்த முறை செல்லும்போது இல்லாமல் ஆக்கியும் விடுகிறது. இயங்கும் கல்வெட்டுமிடங்களுக்கு உரிமையாளரின் அனுமதியின்றிச் செல்லக்கூடாது. வெடி வைக்கும் நேரத்தைக் கேட்டறிந்த பின்னரே உள்ளே இறங்க வேண்டும்.